மூன்று நாள் கூண்டு

அந்தக் கூண்டில் இருந்தவை மூன்று கோழிகளா நான்கா என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மூன்றுதான் என்று ஷஹ்ஹாத் சத்தியம் செய்கிறான். அவன் சத்தியத்தை நம்பி நான் பலமுறை தவறான பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். அன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, முதலில் பேசியது ஹாஜியா நானா, இவையும் என் நினைவில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இத்தனை வருடமாக இதை வேறு யாரிடமும் பேசாததுதான் காரணமாக இருக்கலாம். பேசாமல் வைத்திருந்தால் எதுவும் உள்ளேயே ஊறி வேறொன்றாகிவிடுகிறது. ஆனால் சாப்பாட்டு மேசையில் யார் தட்டில் என்ன இருந்தது என்பதை மட்டும் நான் மறக்கவில்லை.

அன்று புதன்கிழமை. காப்டிக் கிறிஸ்தவர்களான எங்களுக்குப் பெரிய நோன்பின் ஆறாவது வாரம். கம்ஸீன் காற்று பாலைவனத்தை அள்ளி வந்து எகிப்தின் பில்பைஸ் ஊரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வானம் பழைய பித்தளை நிறத்தில் இருந்தது. டீக்கடைக்கு மேலே இருக்கும் என் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காணாமல் போனவர்களைத் தேடித் தருவது என் தொழில். அதற்கு முன்பு இருபது வருடம் கால்நடை இன்சூரன்ஸில் செத்த மாடுகளைப் பார்வையிட்டேன். இரண்டு வேலைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தால் போதும்.

எதிரே இன்ஸாஃப் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகன் பெயரை வைத்து ஊரில் எல்லோரும் அவளை உம்மு கரம் என்று கூப்பிடுவார்கள். அவள் கணவன் ஃபத்ஹுல்லா, ஹாஜி ஷல்காமியின் கோழித் தீவன ஆலையில் கலவை இயந்திரம் ஓட்டுகிறவன். சனிக்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க, உம்மு கரம்?"

"வேற பொம்பளை இருப்பா, தேடிப் பாருன்னாங்க." அவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை மேசைமேல் வைத்தாள். "ஓடிப்போற ஆளு இதை வெச்சுட்டுப் போவாரா, உஸ்தாத்? சர்க்கரை வியாதி அவருக்கு. காலையும் சாயந்திரமும் ஊசி போடணும். போன வருஷம் ரெண்டு நாள் விட்டுப்போச்சு, விழுந்துட்டாரு. இன்னொரு தடவை இப்படி ஆனா ஆள் மிஞ்சமாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. இன்னைக்கு அஞ்சாம் நாள்."

நான் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டீக்கடையில் யாரோ கரண்டியால் கிளாஸைத் தட்டும் சத்தம் வந்தது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமை சாப்பாடே இறங்கலை அவருக்கு. 'நோன்புக் கோழி நோன்பை முறிச்சிருச்சு'ன்னாரு. 'என்னய்யா சொல்றே?'ன்னு கேட்டேன். 'பேச வேண்டியவங்ககிட்ட பேசிட்டு வந்து சொல்றேன்'னாரு. அவ்வளவுதான்."

கதவருகே நின்று அவித்த மொச்சையை ரொட்டியில் அள்ளித் தின்றுகொண்டிருந்த என் உதவியாளன் ஷஹ்ஹாத் மெல்லுவதை நிறுத்தினான். ஷஹ்ஹாத் என்றால் பிச்சைக்காரன் என்று அர்த்தம். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், கண்ணேறு படாமலிருக்க வைத்த பெயர். நாற்பது வயது. மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனை, வாய் அதிகம் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். எனக்கு வாய் குறைவு என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

"நோன்புக் கோழின்னா ஹாஜியோட பண்ணைக் கோழிதானே, உஸ்தாத்?" என்றான்.

அதுதான். ஒரு வருடத்துக்குச் சற்று முன்பு ஹாஜியும் அவருடைய தீவன இன்ஜினியர் முந்தஸிரும் ஊரறியச் சொன்னார்கள்: எங்கள் கோழிக்கு இனி இறைச்சி எலும்புத் தூள் கிடையாது, ரத்தத் தூள் கிடையாது, மீன் தூள் கிடையாது. மக்காச்சோளமும் சோயாவும் சூரியகாந்திப் புண்ணாக்கும்தான். பண்ணை வாசலில் பச்சை எழுத்தில் பலகை வைத்தார்கள். நாங்கள் நோன்பு நாட்களில் சாப்பிடும், இறைச்சியும் பாலும் முட்டையும் படாத சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் 'ஸியாமி' என்று பெயர். சந்தைக்காரர்கள் அந்தப் பெயரைக் கோழிக்கு வைத்துவிட்டார்கள். ஸியாமி கோழி. நோன்பிருக்கும் கோழி.

"நீங்களும் அந்தக் கோழியும் ஒரே சாப்பாடுதான்," என்றான் ஷஹ்ஹாத், பண்ணைக்குக் காரை ஓட்டிக்கொண்டே. "ஆனா அது முப்பத்தஞ்சு நாள்ல ரெண்டு கிலோ ஏறிடுது. நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க. எங்கயோ தப்பு நடக்குது, உஸ்தாத்."

அவன் சொன்னது வேடிக்கை இல்லை என்பது அப்போது எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

தீவனத்தில் என்ன போகிறது என்று தெரிந்தவர் இன்ஜினியர் முந்தஸிர். அவர் வீடு போகும் வழியில்தான் இருந்தது. அவர் இல்லை. விடியல் தொழுகை முடிந்ததுமே பண்ணைக்குப் போய்விட்டார் என்று அவர் மனைவி சொன்னாள். முற்றத்தில் எங்களை உட்கார வைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். சுத்தமான வீடு. சுவரில் முந்தஸிர் பல்கலைக்கழக மேடையில் நின்று பேசும் படம். இன்னொரு படத்தில் அவர் கழுத்தில் மாலை. இரண்டிலும் அவர் சிரிக்கவில்லை.

முற்றத்து மூலையில் ஒரு மரக் கூண்டு. உள்ளே வெள்ளைக் கோழிகள். அடியில் எச்சம் தேங்காமல் கம்பித் தட்டு. ஒரு பாத்திரத்தில் முழு மக்காச்சோளம், இன்னொன்றில் தண்ணீர். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. கோழிகள் எங்களைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன.

டீயோடு வந்தவளிடம் ஷஹ்ஹாத் கேட்டான்: "விருந்தா தாயி? இன்னைக்கு அறுப்பா?"

"நாளைக்குத்தான். திங்கட்கிழமை பண்ணையிலேர்ந்து கொண்டாந்தார். மூணு நாள் முடியணும்ல?"

"எப்பவுமே இப்படியா?"

"ஒரு வருஷமா இப்படித்தான். அவருக்கு அதுல ரொம்பக் கண்டிப்பு."

ஷஹ்ஹாத் டீயைக் குடிக்காமல் வைத்தான். காருக்கு வந்தபிறகும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமலிருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்ன?" என்றேன்.

"உங்களுக்கு இது தெரியாது, உஸ்தாத். எங்க வழக்கம். அசிங்கத்தைத் தின்னு வளர்ந்த பிராணியை அப்படியே அறுத்துச் சாப்பிடக்கூடாது. அடைச்சு வெச்சு, சுத்தமான தீனி போட்டு, உள்ள இருக்கற அசுத்தம் போனப்புறம்தான் அறுக்கணும். ஒட்டகத்துக்கு நாப்பது நாள், ஆட்டுக்கு ஏழு நாள், கோழிக்கு மூணு நாள். எங்க அத்தை பண்ணுவா. ஆனா அது குப்பைமேட்டுல திரியற நாட்டுக்கோழிக்கு."

"ரத்தம் அசிங்கத்துல சேருமா?"

"ரத்தத்தைவிட அசிங்கம் வேற என்ன?" என்றான். "வெறும் சோளமும் சோயாவும் திங்கிற கோழியை எதுக்கு மூணு நாள் அடைக்கணும்? நோன்பு இருக்கறவனை எதுக்குக் குளிப்பாட்டணும்?"

கண்ணாடிக்கு வெளியே ஈச்ச மரங்கள் மண்ணில் கரைந்துகொண்டிருந்தன. அப்போது நான் போட்ட கணக்கு எளிமையானது. ஹாஜி ஷல்காமி மலிவான ரத்தத் தூளைக் கலக்கிறார். இன்ஜினியருக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை, வீட்டில் மட்டும் அடைத்து வைத்துச் சாப்பிடுகிறார். ஃபத்ஹுல்லா கண்டுபிடித்தான், ஹாஜியிடம் போய்க் கேட்டான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் தொழிலில் இப்படி நினைப்பது கெட்ட பழக்கம்.

பண்ணையும் ஆலையும் ஒரே வளாகம். ஆலைக்குப் பின்னால் நான்கு நீளமான கோழி ஷெட்டுகள், கடைசி ஷெட் மணல் மேட்டில் முட்டிக்கொண்டு. காவலாளி ஹாஜிக்குச் சொல்லப் போனான். நாங்கள் ஏதோ வழி தவறியவர்கள் போலச் சுற்றினோம்.

மூன்றாவது கிடங்கின் வாசலில் பூனைகள் இருந்தன. ஐந்தோ ஆறோ. மற்ற கிடங்குகளில் ஒன்றுகூட இல்லை. இங்கே வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளின்மேல் 'சூரியகாந்திப் புண்ணாக்கு' என்று எழுதியிருந்தது. ஒரு கிழட்டுப் பூனை மூட்டையின் தையலைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

"உஸ்தாத்," என்றான் ஷஹ்ஹாத், "புண்ணாக்கு திங்கிற பூனையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"நானும் பாத்ததில்லை. ஒருவேளை இதுங்களும் உங்க நோன்புல சேந்துருச்சோ என்னவோ."

பூனையை நகர்த்திவிட்டுத் தையலில் விரலை விட்டேன். கறுப்பும் சிவப்பும் கலந்த நைசான தூள். துருப்பிடித்த இரும்பு வாசனை. இன்சூரன்ஸ் நாட்களில் அறுப்புக்கூடங்களின் கொல்லையில் அந்த வாசனையில் நின்று பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஃபத்ஹுல்லா சொன்னது இதைத்தான். நோன்பு முறிந்திருந்தது.

அங்கிருந்து ஷெட்டுகளின் பக்கம் நடந்தோம். முதல் மூன்றில் கோழிகளின் இரைச்சல். நான்காவது காலி. கோழி விற்றுப் போனபின் கழுவி, கதவு ஜன்னல்களை ஒட்டி மூடி, கிருமி சாக ஃபார்மலின் புகை போடுவது வழக்கம். அந்தக் கதவிலும் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் ஒரு தாள்: 'விஷப் புகை. திறக்காதே. சனிக்கிழமை.'

ஷஹ்ஹாத் டேப்பின் ஓரத்தில் மூக்கை வைத்து உறிஞ்சினான்.

"என்ன பண்றே?"

"ஃபார்மலின்னா கண்ணு எரியும்னு சொல்வாங்க. எங்க மச்சினி உரிக்கற வெங்காயம் இதைவிட அழ வைக்கும்." சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். அதற்குள் காவலாளி கூப்பிட்டுவிட்டான். ஹாஜி சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றான்.

ஹாஜி ஷல்காமி பெரிய உடம்புக்காரர், எழுபதை நெருங்குகிறவர். கிடங்குச் சாவிக் கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. மடியில் ஐந்து வயதுப் பேத்தி. நீள மேசையில் சோறு, முலூகியாக் கீரை, வறுத்த கோழிகள், ஊறுகாய், ரொட்டி. மேசையின் மறுமுனையில் இன்ஜினியர் முந்தஸிர். படத்தில் பார்த்த அதே முகம், நெற்றியில் தொழுகைத் தழும்பு.

"வாய்யா லபீபு, உக்காரு," என்றார் ஹாஜி. "உனக்கு நோன்புன்னு தெரியும். எண்ணெய் விட்டு மொச்சை வெச்சிருக்கேன். நீ சாப்பிடுப்பா," என்று ஷஹ்ஹாத்தின் பக்கம் ஒரு முழுக் கோழியைத் தள்ளினார்.

"பசியில்லை, ஹாஜி," என்றான் ஷஹ்ஹாத். பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஃபத்ஹுல்லாவைத் தேடிக்கிட்டிருக்கோம்," என்றேன்.

"நானும்தான் தேடறேன். பதினெட்டு வருஷம் என்கிட்ட இருந்தவன். சொல்லாம ஒரு நாள் லீவு எடுத்ததில்லை." ஹாஜி கோழிக் காலைப் பிய்த்தார். "அவன் இல்லாம கலவை ஒண்ணும் சரியா வரலை. முந்தஸிரே நின்னு ஓட்டறான் பாவம்."

"மூணாம் கிடங்குக்கு யார் போவாங்க?"

"இவன்தான். சாவி என்கிட்ட ஒண்ணு, இவன்கிட்ட ஒண்ணு. நான் அந்தப் பக்கம் போயே ஆறு மாசம் ஆச்சு, முட்டி வலி." பிய்த்த காலின் சதையை விரலால் உதிர்த்து, ஊதி ஆற்றி, பேத்தியின் வாயில் வைத்தார். "சாப்பிடு கண்ணு. காலையில ரெண்டாம் ஷெட்ல ஓடிக்கிட்டிருந்த கோழி. அவ்வளவு புதுசு."

குழந்தை மென்றாள். அவர் இன்னொரு துண்டை உதிர்த்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே காற்று தகரக் கூரையை இழுத்தது. காலையில் காரில் போட்ட கணக்கு என் கண்முன்னால் அந்தக் குழந்தையின் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஐந்து வேளை தொழுகிற மனிதர். காலையில் ஓடிய கோழியை மதியம் பேத்திக்கு ஊட்டுகிறார். அதன் வயிற்றில் என்ன போகிறது என்று இவருக்குத் தெரியாது.

அப்புறம்தான் மேசையின் மறுமுனையைப் பார்த்தேன். முந்தஸிரின் தட்டில் ரொட்டியும் டர்னிப் ஊறுகாயும். கோழி இல்லை. கோழிச் சாற்றில் வெந்த கீரையும் இல்லை.

"இன்ஜினியர் சாப்பிடலையா?" என்றேன்.

"வயிறு சரியில்லை."

"இவனுக்கு என் மேசையில உக்காந்தா மட்டும் வயிறு சரியிருக்காது!" ஹாஜி சிரித்தார். "ஒரு வருஷமாப் பாக்கறேன். இங்க ஒரு துண்டு தொடமாட்டான். வீட்டுக்கு மட்டும் உசிரோட எடுத்துட்டுப் போவான்."

முந்தஸிர் எழுந்தார். கையைத் துடைத்தார். "மன்னிக்கணும் ஹாஜி. நாலாம் ஷெட்டுக்குப் புகை போடணும்."

"சனிக்கிழமையே போட்டாச்சுன்னு சொன்னே?"

"கசிஞ்சிருச்சு. திரும்பப் போடறேன்."

அவர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் என் கண்ணைப் பார்த்தார். கதவு மூடியது. ஷஹ்ஹாத் என்னைப் பார்த்தான். சனிக்கிழமை போட்ட புகை. கண் எரியாத கதவு. சனிக்கிழமை காணாமல் போனவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைத் தள்ளினோம்.

"என்னய்யா ஆச்சு?" என்று ஹாஜி கத்தினார்.

"பேத்திக்கு இனிமே அதைக் குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பட்டப்பகல், ஆனால் பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மஞ்சள் மண் வாயில் புகுந்தது. ஷெட் சுவரைத் தடவிக்கொண்டே ஓடினோம். என் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: அந்தக் கதவருகே நின்று நாங்கள் சிரித்தோம். உள்ளே இருப்பவனுக்கு அது கேட்டிருக்கும்.

முந்தஸிர் நான்காம் ஷெட் கதவின்முன் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மூக்கு மூடி தொங்கியது. காலடியில் அகலமான தகரத் தட்டு, அதில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் தூள். பக்கத்தில் ஃபார்மலின் கேன், மூடி திறந்திருந்தது. ஊற்றவில்லை. இரண்டையும் சேர்த்து உள்ளே வைத்துக் கதவை மூடினால் ஐந்து நிமிடத்தில் ஷெட்டில் ஒரு ஈ மிஞ்சாது.

நான் கேனுக்கும் தட்டுக்கும் நடுவே போய் நின்றேன். ஷஹ்ஹாத் கேனை எடுத்துத் தூரக் கொண்டுபோனான். அவர் தடுக்கவில்லை.

"ஹாஜிக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியாது. அவருக்கு எதுவும் தெரியாது." குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. "முதல் தடவை வெறும் சோயாவிலயும் சோளத்திலயும் விட்டேன். இருபத்தெட்டாம் நாள் எடை வரலை. இறகு சரியில்லை, காலு நிக்கலை. அதுக்குள்ள மேடையில பேசியாச்சு. மாலை போட்டாச்சு. பலகை எழுதியாச்சு. ரத்தத் தூள் கொஞ்சம் சேத்தேன். எடை வந்துருச்சு. அடுத்த தடவை விட்டுடலாம்னு நினைச்சேன்."

"ஃபத்ஹுல்லா?"

"அவன் முதல் மாசமே சொன்னான். 'இன்ஜினியர், சோயா வறுப்பு பத்தலை. பச்சை வாடை அடிக்குது. இன்னும் கொஞ்சம் சூட்டுல விடுங்க, கோழி தானா ஏறும்'னான். ஆறாம் வகுப்பு படிச்சவன் எனக்குச் சொல்றானேன்னு இருந்தது." அவர் கதவைப் பார்த்தார். "அவன் சொன்னது சரி. போன மாசம் சோதிச்சுப் பாத்தேன். வறுப்புதான். தீவனத்துல தப்பே இல்லை, லபீப். ஒரு தப்பும் இல்லை. ரத்தம் தேவையே இல்லாம இருந்தது."

காற்று டேப்பின் ஒரு முனையைப் பிய்த்து அடித்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை கிடங்குத் தூளோட வந்து நின்னான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல சொல்லப் போறேன்னான். சொல்லமாட்டேன்னு குர்ஆன் மேல சத்தியம் பண்ணு, விட்டுடறேன்னேன். மாட்டேன்னான். அடைச்சேன். கொல்லணும்னு இல்லை. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். பேரீச்சம்பழம், தேன், சுத்தமான சோள ரொட்டி. என் கையால கொண்டாந்தேன். மனசு மாறும்னு பாத்தேன்."

"கோழிக்கு மூணு நாள்," என்றான் ஷஹ்ஹாத். குரலில் கேலி இல்லை. "மனுசனுக்கு எத்தனை நாள், இன்ஜினியர்?"

முந்தஸிர் குனிந்து காலடியில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"அவருக்குச் சர்க்கரை வியாதி," என்றேன். "ரெண்டு வேளை ஊசி. அஞ்சு நாளா இல்லை. நீங்க தேன் குடுத்திருக்கீங்க."

அவர் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் மறக்க முயன்றிருக்கிறேன்.

"தண்ணி தண்ணின்னு கேட்டான்," என்றார் மெதுவாக. "குடம் குடமாக் குடிச்சான். குடிக்கக் குடிக்கக் கேட்டான். உள்ள இருக்கறது கழுவிக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சேன்."

சாவியை அவரே நீட்டினார்.

உள்ளே இருட்டு. சுண்ணாம்பும் ஈர வைக்கோலும் வாசனை. நீளமான அந்தக் காலி ஷெட்டின் மறுகோடியில், காற்றாடிக்குக் கீழே ஃபத்ஹுல்லா ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கால் தூணோடு கம்பியால் கட்டியிருந்தது, கம்பி குதிகாலுக்குள் போயிருந்தது. சுற்றிலும் காலிக் குடங்கள், தொடாத பேரீச்சம்பழத் தட்டு. மூச்சு வேகவேகமாக வந்துகொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருக்கிறவனுடைய மூச்சைப்போல. அவன் வாயருகே குனிந்தேன். அழுகிய ஆப்பிள் வாசனை, சர்க்கரை முற்றியவனின் மூச்சு.

"ஃபத்ஹுல்லா! உம்மு கரம் அனுப்பினாங்க!" என்று ஷஹ்ஹாத் கத்தினான்.

அவன் கண் திறக்கவில்லை. ஷஹ்ஹாத் கம்பியை அறுத்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மஞ்சள் காற்றுக்குள் ஓடினான், வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே. "செத்துத் தொலைஞ்சேன்னா, உன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்லுவேன், கழுதை, மூச்சு விடு, விடு." நான் காரைத் திருப்பினேன். ஹாஜி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். முந்தஸிர் வாளிமேலேயே உட்கார்ந்திருந்தார். போலீஸ் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஸகாஸீக் ஆஸ்பத்திரியில் ஃபத்ஹுல்லா ஆறாம் நாள் கண் விழித்தான். குதிகால் புண் அழுகிவிட்டதால் இடது பாதத்தை எடுத்தார்கள். நீதிமன்றத்தில் அவனைக் கேட்டபோது, "மூணு நாள் தன் கையாலே சோறு கொண்டாந்தாரு. கடைசி நாள் புகை கொண்டாந்தாரு. ரெண்டையும் எழுதிக்குங்க," என்றான். முந்தஸிருக்குப் பத்து வருடம் தண்டனை. ஏழாவது வருடம் சிறையிலேயே இறந்தார். அவர் மனைவி வீட்டை விற்றுவிட்டு இஸ்மாயிலிய்யாவில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஹாஜி ஷல்காமி அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் நின்று, தன் கோழி என்ன தின்றது என்பதைத் தானே சொன்னார். இரண்டு வருடம் அவர் ஷெட்டுகள் காலியாகக் கிடந்தன. பிறகு சோயாவைச் சரியாக வறுத்து, வேறெதுவும் சேர்க்காமல் மறுபடி தொடங்கினார். எடை வந்தது. பலகை மட்டும் வைக்கவில்லை. பேத்தி இப்போது ஸகாஸீக்கில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ஷஹ்ஹாத் ஒரு டீக்கடை வைத்து, வாயாலேயே அதை மூடினான், திரும்பி என்னிடம் வந்துவிட்டான். நான் அதே அறையில்தான் இருக்கிறேன்.

ஃபத்ஹுல்லா ஆலையில் வறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். வறுபடும் சோயாவை எப்போது இறக்க வேண்டும் என்று அவன் சொல்கிறான், மற்றவர்கள் இறக்குகிறார்கள். காலையிலும் சாயந்திரமும் இன்ஸாஃப் ஆலைக்கு வந்து அவனுக்கு ஊசி போட்டுவிட்டுப் போகிறாள்.